முகூர்த்த மாதங்களில் மட்டும் வரும் பணம்: மகளின் பராமரிப்புத் தொகையை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி (வில்லிவாக்கம் தாய்)

வணக்கம். வில்லிவாக்கத்தில் என் அம்மாவோடும் மகளோடும் இருக்கிறேன். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்துவிட்டோம். வழக்கு எதுவும் போடவில்லை. பெரியவர்களை வைத்துப் பேசி, இனிச் சேர்ந்திருப்பது இருவருக்கும் நல்லதல்ல என்று ஒத்துக்கொண்டு விலகினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மகளை அழைத்துப் போவார், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொண்டுவந்து விடுவார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் என்றால் அவருக்கு உயிர்.

குறை பணத்தில்தான். அவர் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். கொளத்தூரில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறார். தை பிறந்தால் பதினைந்தாயிரம், இருபதாயிரம்கூடக் கையில் தருவார். பட்டுப்பாவாடை, சைக்கிள் என்று வாங்கிக் குவிப்பார். ஆடியில் முகூர்த்தம் இல்லை, பணமும் இல்லை. புரட்டாசியில் இல்லை. மார்கழியில் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லையே. முதல் தவணை ஜூன் மாதம். அதை வைகாசி முகூர்த்தப் பணத்தில் எப்படியோ கட்டிவிடுகிறோம். இரண்டாம் தவணை சரியாகப் புரட்டாசியில் வந்து நிற்கும். மூன்றாவது மார்கழிக் கடைசியில். இரண்டையும் நான்தான் புரட்டிக் கட்டுகிறேன். போன புரட்டாசியில் வளையலை அடகு வைத்தேன்.

மருந்துக் கடையில் வேலை செய்கிறேன், சம்பளம் 19,000 ரூபாய். வாடகை 8,500. மகளின் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 42,000, வேன் மாதம் 1,400, டியூஷன் 800. மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு வரும். மருந்து, நெபுலைசர் என்று அது தனிச் செலவு.

மாதாமாதம் இவ்வளவு என்று எழுதி வாங்க நினைக்கிறேன். அவருடைய அண்ணன், "முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், நீதிமன்றம் எதற்கு" என்கிறார். அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில், "இந்தத் தொகைக்கு மேல் மகளுக்காக எதுவும் கேட்கமாட்டேன்" என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? வருமானம் ஏறி இறங்கும் ஒருவர் தரவேண்டிய மாதத் தொகையை எப்படிக் கணக்கிடுவது? என் அம்மா, "பணம் தராத மாதம் பிள்ளையை அனுப்பாதே" என்கிறார். அது எனக்கு ஒப்பவில்லை. அவரைச் சிறைக்கு அனுப்புவதும் என் நோக்கமில்லை. மகளுக்கு உரியது அவளுக்கு ஒழுங்காக வரவேண்டும்.

பதில் (வடபழனி, மேடை அலங்காரத் தொழில்)

சகோதரி, நானும் முகூர்த்தத்தை நம்பிப் பிழைப்பவன். கல்யாண மண்டபங்களில் மேடை அலங்காரம் செய்கிறேன். என் மகன் அவன் அம்மாவோடு அம்பத்தூரில் இருக்கிறான், ஏழாம் வகுப்பு. ஆகவே உங்கள் கணவரின் இடத்தில் நின்றே சொல்கிறேன். ஆடியில் வருமானம் இல்லை என்பது உண்மை. அதனால் ஆடியில் தரமுடியாது என்பது உண்மையல்ல. ஆடியிலும் கடை வாடகை கட்டுகிறோம். கேமராக் கடனுக்கு வங்கித் தவணை ஆடியிலும் போகிறது. அதற்கெல்லாம் முன்கூட்டி எடுத்து வைப்பவரால் மகளுக்கும் எடுத்து வைக்க முடியும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மகனுக்கென்றே ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். எந்த வேலைக்கு முன்பணம் வந்தாலும் அன்றைக்கே ஐந்தில் ஒரு பங்கு அதில் போய்விடும். பூக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுப்பதற்கு முன்பே. அந்தக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி 9,000 ரூபாய் தானாகவே அவன் அம்மாவின் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏரி மாதிரி ஐப்பசி, கார்த்திகையில் நிறையும், மார்கழியில் வற்றும், தை பிறந்தால் மறுபடி ஏறும். அனுப்புவதா வேண்டாமா என்று மாதாமாதம் நான் முடிவு செய்யவேண்டியதில்லை. அதுதான் பெரிய நிம்மதி. அவருக்கும் எனக்கும் பணத்தைப் பற்றிய பேச்சே இப்போது கிடையாது.

கணக்கிடும்போது எந்த ஒரு மாதத்தையும் பார்க்காதீர்கள், ஓர் ஆண்டைப் பாருங்கள். போன ஆண்டின் ஆர்டர் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஆல்பம் அச்சுக் கூலி, உதவியாளர் சம்பளம், ஸ்டுடியோ வாடகை, வண்டிச் செலவு எல்லாம் போக மிஞ்சியதைப் 12-ஆல் வகுத்தால் வருவதுதான் அவருடைய மாத வருமானம். தையில் கிடைப்பதை வைத்து நீங்கள் கேட்டாலும், ஆடியை வைத்து அவர் சொன்னாலும் பேச்சு முடியாது.

பள்ளிக் கட்டணத்தை மாதத் தொகையோடு கலக்கவேண்டாம். அவர் பங்கை அவரே பள்ளியில் நேரடியாகக் கட்டட்டும். நான் அப்படித்தான் கட்டுகிறேன். ரசீதில் மகன் பெயரும் வகுப்பும் பிரிவும் அச்சாகி என் கைக்கு வரும். கூட இருக்க முடியாத அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிது என்று சொல்லத் தெரியவில்லை. பட்டுப்பாவாடையும் சைக்கிளும் அவர் ஆசைக்கு வாங்கித் தருபவை. தாராளமாக வாங்கட்டும், ஆனால் பராமரிப்புக் கணக்கில் அதைக் கழிக்கக்கூடாது.

பதில் (பாரிமுனை வழக்கறிஞர்)

அம்மா, முதலில் அந்தத் தாள். அந்த வரியோடு கையெழுத்துப் போடாதீர்கள். பராமரிப்பு குழந்தையின் உரிமை. தாய் விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. எப்படியும் செல்லாதுதானே, போட்டுவிடலாம் என்றும் எண்ணவேண்டாம். நாளைக்கு அது செல்லாது என்று வாதாடும் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான் விழும்.

அந்த வரியை நீக்கினாலும் முத்திரைத்தாள் மட்டும் போதாது. அவர் ஒப்புக்கொண்டதற்கு அது சான்று, அவ்வளவே. ஒரு மாதம் பணம் வரவில்லை என்றால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு வழக்குத்தான் போடவேண்டியிருக்கும். எனவே நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதையே நீதிமன்ற உத்தரவாக மாற்றிக்கொள்ளுங்கள். பராமரிப்புக் கேட்பதற்கான சட்ட வழி முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். இதற்காக விவாகரத்து கேட்கவேண்டியதில்லை. மகளுக்காக நீங்கள் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்; அது உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. சமரசப் பேச்சுக்கு அனுப்புவார்கள். அங்கே பேசி முடித்ததை எழுதிக் கையெழுத்திட்டால், அதன்படியே உத்தரவு பிறக்கும்.

உங்கள் நிலையில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவி தனக்காக இந்தப் பிரிவில் தொகை கேட்க முடியாது. மகளின் உரிமையை அது தொடாது. மனுவை மகளுக்காக மட்டும் போடுங்கள், வாதம் திசைமாறாது.

தொகையைப் பொறுத்தவரை, "சம்பளத்தில் 25 சதவீதம்" என்று பலரும் சொல்வார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அந்த அளவு பொருத்தம் என்றது உண்மைதான். ஆனால் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்பு, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வாய்ப்பாடு கிடையாது என்று தெளிவாக்கிவிட்டது. வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நீங்களும் தரவேண்டும். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், கல்வி, கூடுதல் பயிற்சி வகுப்பு வரை குழந்தையின் செலவில் சேரும். தாய் போதுமான அளவு சம்பாதித்தால் செலவை இருவரின் வருமான விகிதப்படி பகிரலாம். தொகை மனுச் செய்த நாளிலிருந்து கணக்காகும் என்பதால், கேட்கத் தயங்கித் தள்ளிப்போடும் மாதங்கள் மகளுக்கு நட்டம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சவேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

பதில் (ராயபுரம்)

தங்கை, உத்தரவு கையில் இருந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடாதே. என் பையன்கள் இருவருக்கும் உத்தரவு வாங்கினேன். ஓராண்டு ஒழுங்காக வந்தது, பிறகு நின்றது. "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு நான் காத்திருக்கவில்லை. தொகை கிடைக்கவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் அதற்குப் பிடியாணை கேட்க முடியும். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது, பணம் கட்டியே ஆகவேண்டும். என் விஷயத்தில் சிறை வரை போகவில்லை. மனு எண் வந்ததும் கட்டிவிட்டார்.

உன் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் ரொக்கமாக ஒரு ரூபாய்கூட வாங்காதே. வங்கிக் கணக்கில் மட்டும் வரட்டும். அது உனக்கு மட்டுமல்ல, அவருக்கும் பாதுகாப்பு. பிள்ளை கையில் கவரைக் கொடுத்தனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்து. என் பெரியவன் அந்தக் கவரை எண்ணிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கவலை எதற்கு?

அம்மா சொல்வது உன் மேல் உள்ள பாசத்தில். ஆனால் பணத்துக்கும் அப்பாவைப் பார்ப்பதற்கும் முடிச்சுப் போடாதே. பார்க்கும் உரிமை மகளுடையது, பணமும் மகளுடையது. ஒன்றுக்காக இன்னொன்றைப் பறித்தால் இரண்டு முறையும் இழப்பது அவள்தான். நீதிமன்றமும் அதை உனக்கு எதிராகவே பார்க்கும்.

மாதச் சம்பளக்காரரைக் கணவராகக் கொண்டவர்களுக்கு ஒரு செய்தி: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, சம்பளத்தின் ஒரு பகுதியை நேரடியாக மனைவிக்கே தரும்படி வேலை தருபவருக்கு நடுவர் உத்தரவிட முடியும். கொடுமைக்கு ஆளானவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வில்லிவாக்கம் தாய்

எல்லோருக்கும் நன்றி. வடபழனி அண்ணன் எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்பினேன். ஞாயிறன்று மகளை விட வந்தவர் ஆர்டர் புத்தகத்தையும் கொண்டுவந்தார். மகள் தூங்கிய பிறகு இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். செலவு போக ஆண்டுக்கு 3,96,000 வந்தது, அதாவது மாதம் 33,000. இவ்வளவு இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. மாதம் 8,000 ரூபாய் வங்கியில் போடுவதாகச் சொன்னார். முதல் தவணையையும் மூன்றாம் தவணையையும் அவர் நேரடியாகப் பள்ளியில் கட்டுவார், இரண்டாவது என்னுடையது. என் வருமானத்துக்கு அது நியாயம் என்றே நினைக்கிறேன். மார்கழித் தவணையைக் கார்த்திகையிலேயே கட்டிவிடுகிறேன் என்றார்.

அண்ணன் கொடுத்த தாளை அவரே கிழித்துவிட்டார். ஆனால் நீதிமன்றம் என்றதும் முகம் மாறிவிட்டது. "நான் என்ன குற்றவாளியா?" என்று கேட்டார். வழக்கு என்று போடாமல் உத்தரவுக்குச் சமமாக ஏதாவது பெற வழியுண்டா? கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறதே, அதை எப்படி எழுதுவது?

பாரிமுனை வழக்கறிஞர்

வழியுண்டு. வழக்குப் போடும் முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம். அங்கே யாரும் குற்றவாளியில்லை, இருவரும் கையெழுத்துப் போடுபவர்கள். அது உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. அவர் தவறினால் நிறைவேற்று மனுப் போடவேண்டும். 144-ஆம் பிரிவு உத்தரவில் இருக்கும் பிடியாணை வழி இதைவிட வேகமானது. ஆர்டர் புத்தகத்தைத் தானே எடுத்து வந்தவர் என்பதால் முதலில் இதையே முயலலாம் என்பது என் கருத்து. இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால் 144-க்குப் போகத் தயங்காதீர்கள்.

ஏற்றத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஒவ்வொரு ஜூனிலும் மாதத் தொகை இத்தனை சதவீதம் கூடும் என்று. இளைப்புக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் யார் எவ்வளவு என்பதும் வேண்டும். கல்லூரியையும் இப்போதே சேருங்கள். 144-ஆம் பிரிவு பொதுவாக 18 வயது வரைதான். நீங்கள் இந்துக்கள் என்றால், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத, மணமாகாத மகளுக்கு அதன் பிறகும் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு பொருந்தும். ஆனாலும் எழுதி வைத்திருப்பது வாதத்தை மிச்சப்படுத்தும்.

வரும்போது மகளின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகங்கள், பள்ளி ரசீதுகள், ஆர்டர் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அவரையும் உடன் அழைத்து வாருங்கள். மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். ஆடியில் அவருக்கு வேலை குறைவு என்றீர்களே, அந்த மாதத்திலேயே வந்து முடித்துவிடலாம்.