பல் முளைக்கும் நேரம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மதுரையிலிருந்து ஒரு அம்மா:

பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்ததும் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. சட்டை மாற்றி மாளவில்லை. ரிமோட், என் தாலிக்கொடி, தாத்தாவின் கண்ணாடிக்கூடு என்று கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குள் போனது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் நான்கு வரை அழுகை. அத்தை ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு, "கீழ்ப்பல்லு ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஈறில் தேன் தடவு என்றார் ஒருவர். ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்று தடுப்பூசி போடும் இடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமிவித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகுமாம். அதனால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது அப்பாவின் பழைய வேட்டி. கைக்குட்டை அளவு கிழித்து, வெந்நீரில் அலசி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு முனையில் பெரிய முடிச்சாகப் போட்டேன். மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். முடிச்சு அவள் வாயில், மறுமுனை என் கையில். கடிக்கக் கடிக்க முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! முதல் நாள் அவசரத்தில் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். அப்பளம் மாதிரி விறைத்துப்போய், உதட்டில் பட்டதும் வீறிட்டாள். ஃப்ரீசர் பக்கமே போகாதீர்கள். கடிக்கக் கொடுக்கும் ரப்பர் டீத்தருக்கும் இதேதான்.

துணி இல்லாத நேரத்தில் விரல்தான். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, சுட்டுவிரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்தால் அவளே விரலைப் பிடித்துக்கொள்வாள். உங்கள் வீட்டுக் கதைகளையும் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து ஒரு அப்பா:

நான் பயந்த கதை இது. பையனுக்கு அப்போது ஏழு கிலோ. வலி அதிகமான ராத்திரிகளுக்கு என்று டாக்டர் பாரசிட்டமால் சிரப் எழுதினார், 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும் வகை, ஒரு வேளைக்கு 4 மி.லி. மருந்துக்கடையில் கூட்டம். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அளந்து ஊற்றும்போது மனைவி, "ஏங்க, பாட்டில் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அது டிராப்ஸ்! ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. நான் ஊற்றி வைத்திருந்தது 400 மி.கி., கொடுக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு. கை நடுங்கிவிட்டது.

அன்றிலிருந்து சீட்டையும் பாட்டிலையும் பக்கத்தில் வைத்து, எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி. என்று இரண்டு பேரும் படித்த பிறகுதான் மூடியைத் திறப்போம். டாக்டரைக் கேட்காமல் கொடுப்பதும் இல்லை.

திருச்சியிலிருந்து:

மருந்துக்கடையில் "பல் வலிக்கு" என்று கேட்டால் பெரியவர்களின் வாய்ப்புண் ஜெல்லை எடுத்து நீட்டுகிறார்கள். நானும் வாங்கினேன். எங்கள் குழந்தை டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை ஓரமாக வைத்துவிட்டார். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் இருந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனே குறைந்துபோகலாம், இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் சொல்லிவிட்டது என்றார். சாலிசிலேட் இருந்தால் அது ஆஸ்பிரின் குடும்பம், குழந்தைகளுக்கு ஆகாது. எப்படியும் ஊறும் எச்சிலில் அது சில நிமிஷம்கூட நிற்காது. ட்யூப் குப்பைக்குப் போனது. இன்னொன்று, கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். என் அக்கா மகனுக்கு நுனி ஒடிந்து தொண்டையில் நின்று, முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டித்தான் வெளியே வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அம்மா:

எங்கட பக்கம் பல்லு வந்தால் கொண்டாட்டம்தான். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போல குத்தி வைத்த பல்லுக்கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை இருத்தித் தலையில் கொட்டுவோம். முன்னால் புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பி வைத்து, பிள்ளை எதைத் தொடுகிறது என்று பார்ப்போம். என்ர மகள் கொழுக்கட்டையைத்தான் எடுத்தாள்!

அந்த விழாவுக்குக் கனடாவில் இருந்து மச்சாள் ஒரு அம்பர் மணி மாலை அனுப்பியிருந்தா. கழுத்தில் போட்டால் பல்லு வலி குறையுமாம். வடிவான மாலை. ஆனால் 18 மாதப் பிள்ளை ஒன்று நித்திரையில் இப்படி ஒரு மாலை இறுகிச் செத்துப்போனது என்று வாசித்திருந்தன். மச்சாளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு மாலையை அலுமாரியில் வைத்துவிட்டன். அதே பயத்தில் அம்மா கட்டிய வசம்புக் கயிற்றையும் கத்தரிக்கோலால் வெட்டினன். அதுக்கு இரண்டு நாள் கதைக்கவில்லை அவ.

கிராம சுகாதார செவிலியர் ஒருவர்:

பணியில் சேர்ந்த காலத்திலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை "பல்லுக்குப் போகுது". ஒரு தடவை எட்டு மாதக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். மூன்று நாளாகத் தண்ணீராகப் போகிறது, பாட்டி பல் வருகிறது என்று சும்மா இருந்துவிட்டார். கண் குழிந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், மெதுவாகத்தான் திரும்பியது. காலையிலிருந்து சிறுநீரே இல்லை. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டது.

பல் முளைப்பதால் வயிற்றுப்போக்கு வராது. 100.4 டிகிரியும் அதற்கு மேலும் போகும் காய்ச்சலும் பல்லால் வருவதில்லை. ஆறு மாதம் ஆகும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அதே நேரத்தில்தான் தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குள் போகிறது, பல்லும் வருகிறது. பழி பல்லின் மேல்! வயிற்றுப்போக்கு என்றால் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையும் தருவோம், 14 நாள். நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தீராத எரிச்சல்.

சேலத்திலிருந்து:

பால் குடிக்கும்போது கடித்தால் இழுக்காதீர்கள், இன்னும் வலிக்கும். குழந்தையை மார்போடு அணைத்தால் மூச்சுக்காக அதுவே வாயைத் திறக்கும். இல்லையென்றால் வாயோரம் சுண்டுவிரலை நுழையுங்கள். என் மகள் ஒரு வாரத்தில் கடிப்பதை விட்டாள்.

மதுரை அம்மா மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. கோவை அண்ணா, உங்கள் கதையைப் படித்ததும் எங்கள் வீட்டு பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். சிரப்தான்.

நேற்று காலை கஞ்சி ஊட்டும்போது ஸ்பூனில் "டிக்" என்று ஒரு சத்தம். அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, கீழ்ப்பல்லா மேல்பல்லா என்றுதான் முதலில் கேட்டார். மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். கீழ்ப்பல்தான். என் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன், "அப்பாடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.