தலைவரையே வழிபடும் சபையில் என் தங்கை: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இரண்டு ஆண்டுகளாகச் சென்றுவரும் ஒரு கிறிஸ்தவக் குழுவில், தங்கள் சபைக்கு வெளியே இரட்சிப்பே இல்லை என்றும், தலைவரின் சொல்லை ஆராய்வது தேவனை எதிர்ப்பதற்குச் சமம் என்றும் கற்பிக்கிறார்கள். ஜெபத்திலும் இயேசுவின் பெயருக்கு இணையாக அவர் பெயர் ஒலிப்பதைக் கேட்டபோது உண்மையாகவே அஞ்சினேன். ஆதிகாலக் கிறிஸ்தவப் போதகர்களின் பெயரால், பவுலைச் சேர்ந்தவர், அப்பொல்லோவைச் சேர்ந்தவர் என்று பிரிந்து நின்ற கொரிந்து சபையாரைப் பவுலே கண்டித்திருக்கிறார். கேட்ட போதனையை வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரோ வேதாகமத்தின் அப்போஸ்தலர் நூல் 17ஆம் அதிகாரத்தில் பாராட்டப்படுகிறார்கள். இதை எடுத்துச் சொன்னதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதையே குறைத்துவிட்டாள். விவாதத்தில் வென்று அவளை இழக்க எனக்கு மனமில்லை. இத்தகைய குழுக்களிலிருந்து வெளியே வந்தவர்கள் இங்கிருந்தால், எந்தக் கேள்வி உங்களை முதலில் சிந்திக்க வைத்தது, அதை யார் எப்படிக் கேட்டார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.