விவாதம் சண்டையாகாமல் நடத்த யோசனை வேண்டும்

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் ஞாயிறு மாலை கூடிப் பேசும் சின்ன வட்டம் எங்களுடையது. அடுத்த தலைப்பு இயற்கைச் சட்டம். அதாவது, அரசு போடும் சட்டத்துக்கும் மேலே, நம் அறிவுக்கு எட்டும் நியாயம் ஒன்று உண்டா என்ற கேள்வி.

சிக்கல் என்னவென்றால், இந்த வாதத்தை யார் வேண்டுமானாலும் கையில் எடுக்கலாம். சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்றார் அரிஸ்டாட்டில். அநியாயச் சட்டம் சட்டமே அல்ல என்று 1963-ல் அமெரிக்காவின் பர்மிங்காம் சிறையிலிருந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் எழுதியதும் இயற்கைச் சட்டத்தைக் காட்டித்தான். நம்மூரில் சாதிக்கும் இதே 'இயற்கை' துணைக்கு வரும். அதைத் தொட்டதுமே "நீங்க எந்தக் கட்சி?" என்று ஒருவர் கேட்பார். அப்புறம் டீ ஆறிவிடும், வாய்ச்சண்டை ஆறாது. அதற்காக, 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய ஊரில் அரசியலே வேண்டாம் என்று ஒதுக்கவும் மனமில்லை.

எதிரில் இருப்பவர் சொன்னதை, அவரே 'ஆமா, அதைத்தான் சொன்னேன்' என்னும்படி திருப்பிச் சொன்ன பிறகே மறுக்கலாம் என்று விதி வைக்கலாமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? பெரியவர்களை மறுத்துப் பேச இளசுகள் தயங்குகிறார்கள், அதற்கு என்ன வழி? முன்கூட்டியே வாசிக்கச் சுருக்கமான தமிழ்க் கட்டுரை தெரிந்தாலும் சொல்லுங்கள். சேலத்துக்காரர் யாராவது நடுவராக வந்தால் இன்னும் நல்லது, கட்சிக்காரராக மட்டும் இருக்க வேண்டாம்.