சூடானதும் மிஸ்ஸிங், கூடவே டிக் டிக் சத்தம்

கேள்வி:
கார்புரேட்டர் வைத்த பழைய 4 ஸ்ட்ரோக் பைக். காலையில் ஒழுங்காக ஓடுகிறது, இன்ஜின் நன்றாகச் சூடானதும் திக்கித் திக்கிப் போகிறது, இன்ஜின் ஹெட் (மேல்பகுதி) பக்கம் டிக் டிக் சத்தம் வேறு. புது பிளக் போட்டும் பலனில்லை.

பதில் 1:
சூடானால் மட்டும் என்றால் எனக்கு இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மேல்தான் சந்தேகம். மிஸ்ஸிங் வரும்போதே நிறுத்தி, பிளக்கில் வரும் பொறி மங்கலான ஆரஞ்சா, பளிச்சென்ற நீலமா என்று பாருங்கள். ஆரஞ்சு என்றால் காயில் வாங்க ஓடாமல், முதலில் பிளக் வயர் நுனியைக் கொஞ்சம் வெட்டி, பிளக் மூடியை (கேப்) மறுபடி அதில் திருகி மாட்டிப் பாருங்கள்.

பதில் 2:
டேப்பெட்டை (வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) விட்டுவிட்டீர்களே! இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். இடைவெளி கூடினால்தான் டிக் டிக். குறைந்தால் சத்தமே வராது, ஆனால் சூட்டில் வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) போய்விடும், அதுதான் ஆபத்து.

பதில் 3:
டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போய் வண்டி சரியானால், மூடியின் காற்றுத் துளை அடைத்து பெட்ரோல் சரியாக இறங்காமல் இருந்திருக்கிறது.