பொருள்: ‘சுவட்டு வாயு’வுக்கு மாற்று

அன்புள்ள நண்பர்களுக்கு,
வளிமண்டலம் பற்றிய பாடநூலின் மொழிபெயர்ப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78.08 விழுக்காடு, ஆக்சிஜன் 20.95, ஆர்கான் 0.93. இவை போக எஞ்சும் கார்பன் டை ஆக்சைடு, நியான், மீத்தேன் முதலியவற்றை ஒருசேரச் சுட்டும் ‘trace gas’ என்பதற்கு வரைவில் ‘சுவட்டு வாயு’ என்றிருக்கிறது. மாற்று உண்டா?

*

ஐயா,
சுவடு என்பது கால் போன பின் எஞ்சுவது. இவையோ காற்றிலேயே நிற்பவை; சில வெப்பத்தையும் பிடித்து வைப்பவை. ‘கரிமச் சுவடு’ (carbon footprint) என்பதும் ஏற்கெனவே வழக்கில் ஏறிவிட்டதால், ஒரே பக்கத்தில் இரு சுவடுகள் வந்தால் மாணவர் தடுமாறுவர். ‘இம்மியும் பிசகாமல்’ என்கிறோமே, அந்த இம்மியை எடுத்தாளலாம். பழந்தமிழ்ப் பின்ன அளவுகளான கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி 1/320, அதிலும் 1/320 கீழ்முந்திரி, இம்மி 1/10,75,200 என்பது பரவலான வாய்பாடு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் இன்றைய அலகுக்கு இதைவிட நெருங்கிய பழஞ்சொல் ஏது? மீத்தேன் ஏறத்தாழ இரண்டு இம்மி. கார்பன் டை ஆக்சைடு 450 இம்மிக்குச் சற்று மேல். வாயு வடசொல்லாதலால் ‘இம்மி வளி’ என்றே முன்மொழிகிறேன்.

*

இம்மி இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அளவுப்பெயரை வகைப்பெயராக்கினால், இம்மியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத குளோரோபுளோரோகார்பன்களையும் 450 இம்மி உள்ளதையும் ஒரே பெயருக்குள் எப்படி அடைப்பது? வளியும் அப்படியே. ‘விசும்பு தைவரு வளி’ என்னும் புறநானூற்று அடியில் அது வீசும் காற்று. ‘உந்தி முதலா முந்துவளி’ என்னும் தொல்காப்பியத்தில் அது மூச்சு. உருளையில் அடைத்த ஆர்கான் இவ்விரண்டுமன்று. திண்மம், நீர்மம் என்ற வரிசையில் வரும் ‘வளிமம்’ எனக்கு உடன்பாடே. ஆயினும் வகுப்பறையில் வாயுவை விரட்டிவிட்டு வேதியியல் நடத்த முடியாது. ‘நுண்ணளவு வாயு’ போதும்.

*

மடல்கள் பெரும்பாலும் ‘நுண்ணளவு வாயு’ பக்கமே சாய்வதால் அச்சுக்கு அதுவே போகிறது. நீராவி இடத்துக்கிடம் ஏறக்குறைய சுழியிலிருந்து 4 விழுக்காடு வரை மாறுவதால், அதை இவ்வகையில் சேர்க்காமல் தனியே காட்டுகிறோம். வளியா வாயுவா என்னும் மொழித்தூய்மை வழக்கை அடுத்த பதிப்பில் தொடரலாம்.

*

‘நுண்ணளவு’ என்றதும் மூலக்கூறே சிறியது என்றுதான் மாணவர் கொள்வர். சிறியது அதன் பங்குதான். என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். இம்மியை அலகாகவேனும் அடிக்குறிப்பில் சேர்க்க இடமுண்டா?