அப்பா படம் இருந்த துணிப்பை

அம்மாவுக்கு அப்போது 67 வயது. வளைகுடாவில் இருக்கும் தம்பியின் குழந்தையைப் பார்த்துவிட்டு நானும் அம்மாவும் கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்து, முதுகு இருக்கையோடு அழுந்திய நேரம். வலது பக்கம் லாரி டயர் வெடித்தது மாதிரி ஒரு சத்தம். உடனே பிரேக். பெல்ட் வயிற்றை அறுத்தது. ஜன்னலில் தீயின் வெளிச்சம்.

ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகம் வரைக்கும்தான் நிறுத்த முடியும். வி1 என்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் பழுதோடு மேலே ஏறித்தான் திரும்பி இறங்க வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரச் சொல்லிப் பணிப்பெண்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் மேலே இருந்த பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். அது சிக்கிக்கொண்டது. அவருக்குப் பின்னால் நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். புகை நெடி வர ஆரம்பித்திருந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆனால் அம்மாவும் குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்த துணிப்பையைத்தான் தேடினார். "தம்பி, அப்பா படம்டா" என்றார். சர்க்கரை மாத்திரையும் அதில்தான். நான் பையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவிடம் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

கதவருகே காற்று நிரம்பிய சறுக்கு விரிந்திருந்தது. உட்காரக் கூடாது, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். செருப்பின் ஊசிக் குதிகால் பட்டால் அது கிழிந்துவிடும் என்பதால் அந்த மாதிரிச் செருப்பையும் கழற்றச் சொல்வார்கள். அம்மாவுக்கு முழங்கை தேய்ந்து தோல் உரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 வினாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு பெரிய பயணிகள் விமான ரகத்துக்கே அனுமதி. அந்தக் கணக்கில் மேலிருந்து பெட்டி எடுக்கும் நேரம் கிடையாது. 2016 அக்டோபரில் சிகாகோவில் இதே போலப் புறப்படும்போது எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்த விமானத்திலும் சிலர் பையோடுதான் இறங்கினார்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் தரையிறங்கிய விமானம் மோதி எரிந்தபோது, பயணிகளும் ஊழியர்களுமாக 379 பேரும் பிழைத்தார்கள். அந்தப் படங்களில் ஓடி வருகிறவர்கள் கையில் பெட்டி இல்லை. அதை அம்மாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பை ஐந்து நாள் கழித்து வந்தது. படத்தின் ஓரத்தில் ஈரம் பட்டிருந்தது.

போன மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ஏடிஆர் விமானத்தில் போனோம். அம்மாவின் இடுப்பில் சுருக்குப்பை. மாத்திரை அட்டை, பாட்டி காலத்து மோதிரம், அப்பாவின் சின்னப் படம், எல்லாம் அதற்குள். உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்து, விரல் விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்: "பின்னாடி கதவுக்கு நாலு வரிசை, தம்பி."