சாரணியர் படையில் பாட்டு: பெற்றோரை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி (சாரணிய ஆசிரியை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம்):

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், தமிழ்வழிப் பிரிவும் மலையாளவழிப் பிரிவும் உள்ள ஒரு பள்ளியில் சாரணியர் (கைடு) படையை நடத்தி வருகிறேன். இறைவணக்கப் பாடலும் கொடிப்பாடலும் இந்தியில் அமைந்தவை. முன்னது 90 நொடியிலும் பின்னது 45 நொடியிலும் முடிய வேண்டும் என்பது முறை. அவற்றைப் பிள்ளைகள் பிழையின்றிப் பாடுகிறார்கள். என் கவலை கேம்ப்ஃபயர் பாட்டுகளை, அதாவது முகாமில் இரவு தீயைச் சுற்றி அமர்ந்து பாடும் பாட்டுகளைப் பற்றியது. முகாமுக்கு முகாம் கைமாறி வரும் அதே சில பாட்டுகளைப் பொருள் தெரியாமல் உரக்கப் பாடிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். பெற்றோரோ விழா நாளில் வந்து பார்த்துச் செல்வதோடு சரி; இரவு தங்கும் முகாம் என்றால் மகளை அனுப்பவே தயங்குகிறார்கள். இவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி உண்டா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரியை, மூணாறு):

டீச்சர், தாய்மார்களைப் பார்வையாளர்களாக அழைக்காமல், பாட்டுச் சொல்லித் தருபவர்களாக அழைத்துப் பாருங்கள். உங்கள் பகுதியில் கும்மி அறிந்த பெண்கள் இல்லாத தெருவே இருக்காது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதாலும், கைத்தட்டே தாளமாகிவிடுவதாலும், பாட்டை முன்பே அறியாத சிறுமிகூட இரண்டாம் சுற்றில் சேர்ந்துகொள்வாள். கேம்ப்ஃபயருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டுமுறை எனக்குத் தெரியவில்லை. தொடக்கத்தில் துள்ளலான பாட்டுகளும் தீ தணியும் நேரத்தில் அமைதியான பாட்டுகளும் வருவதுதானே வழக்கம்? அந்தக் கடைசிப் பகுதிக்குத் தாலாட்டை வைத்துக்கொள்ளலாம். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தாய்மார்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு என்பதால், இங்கே அவர்களை வேலை நாளில் கூப்பிட்டுப் பயனில்லை. உங்கள் ஊரிலும் நாளைக் குறிக்கும் முன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 2 (ஒரு சாரணியின் தந்தை, நகரி, ஆந்திரம்):

அம்மா சொல்வது நல்ல யோசனைதான். ஆனால் முகாமுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் மனத்தைப் பாட்டு மட்டும் மாற்றிவிடாது. இரவில் எந்தெந்த ஆசிரியைகள் உடன் தங்குவார்கள், கழிப்பறை எங்கே இருக்கிறது, அவசரத்துக்கு எந்த எண்ணில் அழைப்பது, மறுநாள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்புதல் கேளுங்கள். விசைத்தறி ஓடும் எங்கள் வீடுகளில் மாலைக் கூட்டத்துக்கு வர முடியாதவர்களே அதிகம். வராதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

மறுமொழி 3 (முன்னாள் அணித்தலைவி, பாலக்காடு):

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. எந்தப் பாட்டு என்பதை அணித்தலைவிகள் கூடி முடிவு செய்யட்டும். படையைச் சிறு அணிகளாகப் பிரித்து, பிள்ளைகளில் ஒருத்தியே ஒவ்வோர் அணிக்கும் தலைமை தாங்கும் அணிமுறையே சாரணியத்தின் உயிர்நாடி. பெரியவர்கள் மேடையைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தோழிகள் நடுவே தன் தாய் பாடுவது கூச்சமாகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொருத்தியும் வீட்டில் பாட்டியிடமோ தாயிடமோ ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வரட்டும். அணி தேர்ந்தெடுத்த பாட்டுக்கு உரியவரை மட்டும் சொல்லித்தர அழைக்கலாம். சில நாட்டுப்பாட்டுகளில் சாதியை இழித்தும் மருமகளைப் பழித்தும் அடிகள் வருவதால், முன்கூட்டியே முழுதும் படித்துப் பாருங்கள். மலையாளவழிப் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள்: திருவாதிரைக்களியும் விளக்கைச் சுற்றிக் கைகொட்டி ஆடுவதுதான், கும்மி ஆடும் பிள்ளைகளோடு அவர்களால் எளிதில் இணைய முடியும். சாரணியத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், அவர் துணைவியார் ஒலேவ் இருவருக்கும் பிறந்தநாளான பிப்ரவரி 22-ஐச் சிந்தனை நாளாகக் கொண்டாடுகிறோமே, அதைப் பகலிலேயே வைத்துப் பெற்றோரை அழைத்தால் இரவு முகாமுக்கு முன் உங்களை அவர்கள் நன்றாக அறிந்துகொள்வார்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. பாட்டுச் சேகரிக்கும் பணியை இந்த வாரமே அணித்தலைவிகளிடம் ஒப்படைக்கிறேன். முகாம் விவரத்தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, அடுத்த தாய்மார் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டத்தில் நானே வாசித்துக் காட்டிவிட்டு, கூட்டத்துக்கு வர இயலாதவர்களின் வீடுகளுக்கு நேரில் செல்கிறேன்.